வேறு கை

கீழ்வீட்டு அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது, அவள் பிளம்பரின் கையிலிருந்து ஸ்பானரை வாங்கித் தானே குழாயைத் திருகிக்கொண்டிருந்தாள். கோவில்பட்டியில் அந்த வீட்டின் மாடிப் போர்ஷனுக்கு நாங்கள் குடிவந்த நாள் அது. பிளம்பர் ஓரமாக நின்று, "நான் செய்ய மாட்டேனாக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீரு செஞ்சா நான் மறுபடி ஒருக்கப் பாக்கணும். அதுக்கு நானே செஞ்சிருதேன்" என்றாள் அக்கா, தலையைத் திருப்பாமல்.

அவள் முழுக்க அந்த வாக்கியம்தான். எந்த வேலையையும் இன்னொருவர் கையில் விட மாட்டாள். நகராட்சித் தண்ணீர் வரும் நாளில் எங்கள் தொட்டிக்கும் அவளே வால்வைத் திறந்து அவளே மூடுவாள். வெளியே கிளம்பினால் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, கேஸ் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி போவாள். மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் சமையல்கட்டில் நின்று சாம்பாரில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். மகளே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

கணவர் இறந்து ஏழெட்டு வருடம். மாடி வாடகையும், வீட்டிலிருந்து ஜாக்கெட் தைத்துக் கொடுப்பதும்தான் வரும்படி. ஒருநாள் ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்தபடி அவளாகச் சொன்னாள். "அவிய ஆஸ்பத்திரியில கெடக்கும்போது நான் பத்து நாளு நகரல டீச்சரு. பதினோராம் நாளு, நாத்தனா இருக்காளேன்னு குளிக்க வீட்டுக்கு வந்தேன். தலையில தண்ணி ஊத்தியிருப்பேன், போன் வந்துட்டு." இதனால்தான் இவள் இப்படி ஆகிவிட்டாள் என்று நான் எண்ணிக்கொண்டேன். மகளிடம் கேட்டபோது, "அப்பா இருக்கும்போதே அம்மா இப்பிடித்தான்க்கா. அப்பாவுக்குச் சட்டை பட்டன்கூட அம்மாதான் போட்டு விடும்" என்றாள்.

லட்டு அந்த மகள் கொண்டு வந்த நாய். கல்லூரியில் படிக்கும்போது தோழி வீட்டிலிருந்து துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாளாம். நீண்ட உடம்பும் குட்டைக் கால்களும் தரையைத் தொடும் காதுகளும் கொண்ட பழுப்பு நிறப் பெட்டை. மகள் சாத்தூருக்குக் கல்யாணமாகிப் போனபின் அக்காவும் லட்டும் மட்டும்தான் கீழ்வீட்டில். தையல் மெஷினின் மிதிப்பலகைக்குப் பக்கத்தில் அது படுத்திருக்கும். அக்கா பேசுவதெல்லாம் அதனோடுதான்.

ஒருநாள் காலை கட்டிலிலிருந்து குதித்த லட்டு பின்பக்கத்தை எழுப்ப முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. முன்னங்கால்களால் இழுத்து இழுத்து அக்காவிடம் வந்தது; பின்னங்கால்கள் இரண்டும் ஈரத் துணி போலப் பின்னால் வந்தன. கால்நடை டாக்டர் ஒரு இளைஞர், பைக்கில் வந்து பார்த்தார். முதுகெலும்பில் தட்டு விலகி நரம்பை நசுக்குகிறது, இந்த மாதிரி நீள உடம்பு நாய்களுக்கு வருவதுதான் என்றார். திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்கான நேரம் தாண்டிவிட்டிருந்தது.

கால் போனதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. லட்டுவால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியவில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அடிவயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, சிறுநீர்ப் பையைத் தடவிக் கண்டுபிடித்து, வால் பக்கமாக மெல்ல அமுக்கி வெளியேற்ற வேண்டும். விட்டால் தேங்கிப் புண்ணாகும். புண் சிறுநீரகத்துக்கு ஏறும். டாக்டர் ஒரே ஒரு முறை செய்து காட்டினார். இரண்டாம் முறை அக்கா செய்தாள். "எனக்கே இவ்வளவு சரியா வராதும்மா" என்றார் டாக்டர். அந்தச் சொல்தான் அவளைக் கட்டிப்போட்டது என்று நான் இப்போதும் நினைக்கிறேன்.

காலை ஐந்து, பதினொன்று, மாலை நாலரை, ராத்திரி பத்து. அக்காவின் செல்போனில் நாலு மணியடிப்பு. அவள் ஊர் அந்த நேரங்களுக்குள் சுருங்கியது. மார்க்கெட், ரேஷன், கோவில் எல்லாம் ஐந்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில். லட்டுவின் படுக்கைக்கு அடியில் பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றை விரித்திருந்தாள். மகளுடைய கல்யாணத்துக்கு அடித்தது, படம் தரைப்பக்கமாக. அதன்மேல் கிழித்த சேலைகள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி மாற்றி, துவைத்து, என் மாடிக் கொடி வரை காயப்போடுவாள். கரிசல் காற்றில் அவை அரைமணியில் மொறமொறவென்று காய்ந்துவிடும். காய்ந்த துணியிலும் அந்த வாடை இருக்கும்.

"எனக்குக் காட்டிக் குடுங்கக்கா. ஒரு வேளையாவது நான் செய்யுதேன்" என்று பல தடவை கேட்டேன்.

"நீங்க பயப்படுவீங்க டீச்சரு. பயந்த கை பட்டா அது இறுக்கிக்கிடும்" என்பாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

லட்டுவுக்குக் கால் போன ஐந்தாவது மாதத்தில் புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த அவளுடைய ஒரே அண்ணன் இறந்துபோனார். முந்தின நாள் சாயங்காலம் தகவல் வந்தது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு லட்டுவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு முதல் பஸ்ஸில் போனாள். பத்தே முக்காலுக்கு கேட் திறக்கும் சத்தம் கேட்டது. நான் அன்று காய்ச்சலுக்கு லீவு போட்டிருந்தேன். எட்டிப் பார்த்தால் அக்கா, தலை கலைந்து, முந்தானையெல்லாம் புழுதியாக. சாவு வீட்டிலிருந்து வருகிறவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைவதில்லை. அவள் வாசல் குழாயில் இரண்டு கையையும் மட்டும் முழங்கை வரை கழுவினாள். நேராக உள்ளே லட்டுவிடம் போனாள்.

முடித்துவிட்டு வெளியே வந்தவளிடம், "எடுத்தாச்சாக்கா?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு மணிக்குத்தான் எடுப்பாவ" என்றாள். "நான் எந்திரிக்கும்போது மதினி எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டா. கூடப் பொறந்தவன் பொணமாக் கெடக்கான், இவ நாய்க்கு மூத்திரம் பிடிக்கப் போறான்னு." முந்தானைப் புழுதியைத் தட்டினாள். "அவ சொன்னது சரிதான. அதுக்குத்தான வந்தேன்."

பிறகு குளிக்கப் போனாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் வெகுநேரம் கேட்டது, நடுவில் நின்றது, மறுபடி கேட்டது. அதன்பின் அண்ணன் வீட்டிலிருந்து யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

மகளுக்கு வளைகாப்பு முடிந்தது. முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். சம்பந்தியம்மாள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். நாய் மூத்திர வாடை அடிக்கிற வீட்டில் பச்சைப் பிள்ளையைப் போட முடியாது. நாயை அப்புறப்படுத்தினால் அனுப்புகிறோம். அதைச் சொல்ல மகளே ஒருநாள் வந்தாள். நான் அவளுக்குப் பழம் வாங்கிக்கொண்டு கீழே போயிருந்தேன். அவள் தரையில் கஷ்டப்பட்டு உட்கார்ந்திருந்தாள். லட்டு இழுத்து இழுத்து வந்து அவள் மடிமேல் தலையை வைத்திருந்தது. அதன் காதைத் தடவிக்கொண்டே அவள் சொன்னாள்.

"அம்மா, டாக்டர்ட்டச் சொல்லி ஊசி போட்டுருவோம்மா."

அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள். "நீ கொண்டு வந்த நாயிதானட்டி."

"ஆமா. அதனாலதான் நானே சொல்லுதேன். அதுவும் கஷ்டப்படுது, நீயும் கஷ்டப்படுத. எனக்கு உன் வீட்டுக்கு வரணும்மா." மகள் அழுதாள். லட்டு அவள் கையை நக்கியது.

அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். நாலரைக்கு மணியடித்தது. எழுந்து வந்து, மகள் மடியிலிருந்து லட்டுவை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். மகள் அன்று மாலையே சாத்தூருக்குத் திரும்பிவிட்டாள். போகும்போது மாடி ஏறி வந்து, "எங்கம்மாவ ஒண்ணும் செய்ய முடியாதுக்கா" என்று மட்டும் சொன்னாள்.

தேதிக்கு இரண்டு வாரம் முன்பே வலி வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி. மாடிப்படியில் பாதி ஏறி அக்கா நின்றாள். பனிக்குடம் உடைந்து மகளைச் சாத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்றாள். அதற்கு மேல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"நீங்க கிளம்புங்க. லட்டுவ நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். கடைசியில், "ஒரு வண்டி சொல்லுங்க டீச்சரு. நீங்களும் கூட வாங்க" என்றாள்.

பதினொன்றுக்குச் செய்ய வேண்டியதை அப்போதே செய்து முடித்து, துணி போடும் பிளாஸ்டிக் கூடையில் லட்டுவைப் படுக்க வைத்து, மேலே துண்டு மூடி எடுத்துக்கொண்டாள். ஊரைத் தாண்டியதும் டிரைவர் மூக்கைச் சுளித்துத் திரும்பிப் பார்த்தார்.

"நாயாக்கா?"

"ஆமா அண்ணாச்சி. ஒண்ணும் செய்யாது."

"செய்யாதுன்னு எல்லாரும்தான் சொல்லுதாவ."

"எந்திக்கவே செய்யாது அண்ணாச்சி" என்றாள் அக்கா. டிரைவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குள் கூடையை விட மாட்டார்கள். முன்வளாகத்து வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. என்னையும் கூடையையும் அங்கே விட்டுவிட்டு, தன் செல்போனையும் என் கையில் தந்தாள். "உள்ள அடிக்கக் கூடாதாம். நாலரைக்கு அடிக்கும். நான் வந்துருவேன்."

மகளுக்கு மத்தியானம் ஆபரேஷன் என்றார்கள். நாலரைக்கு மணியடித்தது. அவள் வரவில்லை. கூடையை விட்டுவிட்டு நான் போய்ப் பார்க்கவும் முடியாது. வாட்ச்மேன் இரண்டு முறை வந்து முறைத்துவிட்டுப் போனார். ஐந்து மணி நெருங்கும்போது லட்டு மூச்சிரைக்கத் தொடங்கியது. துண்டுக்கு மேலே கை வைத்துப் பார்த்தேன். அடிவயிறு கல்லாக இருந்தது.

அப்போது முதல் மாடி ஜன்னலில் அக்கா தெரிந்தாள். மார்பில் துண்டில் சுற்றிய குழந்தை. பின்னால் சம்பந்தியம்மாள், இரண்டு கையையும் நீட்டி, குழந்தையைத் தா என்று கேட்டுக்கொண்டு நிற்பது கீழிருந்தே தெரிந்தது. கொடுத்துவிட்டு இறங்கி வருவதற்கு ஒரு நிமிடம் போதும். அக்கா அந்தக் கைகளைப் பார்த்தாள். கீழே என்னைப் பார்த்தாள். குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். நெடுநேரம் அப்படியே நின்றாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பிறகு ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக் கத்தினாள்.

"ஏட்டி, நீயே அமுக்கிரு."

வளாகத்தில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அதுவரை அவள் என்னை, மகளைக் கூப்பிடுவதுபோல, ஏட்டி என்று கூப்பிட்டதில்லை.

"பின்னங்காலுக்கு முன்னால, ரெண்டு பக்கமும் கைய வையி. எலுமிச்சம்பழம் கணக்கா உருளும். உருளுதா?"

உருண்டது. எலுமிச்சையைவிடப் பெரிதாகவே இருந்தது.

"பிதுக்காத. வாலுப்பக்கமா மெதுவாத் தள்ளு. நீ மூச்ச விடு, அதுவும் விடும்."

மூச்சை விட்டேன். வேப்பமரத்தடி மண்ணில் அது பீய்ச்சி அடித்தது, நின்றது, மறுபடி அமுக்கியதும் வந்தது. உள்ளங்கைக்குள் அந்தப் பை மெல்ல மெல்லச் சுருங்குவது தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது ஜன்னலில் அக்கா இல்லை.

மகளுக்கு ஜன்னி மாதிரி வந்ததால் அக்கா மூன்று நாள் சாத்தூரிலேயே தங்க வேண்டியதாகிவிட்டது. நான் லட்டுவோடு திரும்பினேன். நாலு வேளையும் அவள் போன் செய்வாள்.

"போச்சா?"

"போச்சுக்கா."

"நெறம்?"

"மஞ்சள்தான்."

"ரெண்டாவது தடவ அமுக்கினியா?"

"அமுக்கினேன்க்கா."

பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம். இடைவேளையில் ஓடி வந்து செய்துவிட்டு ஓடுவேன். இரண்டாம் நாளே எனக்கு மூச்சு முட்டியது. எதைச் செய்தாலும் அடுத்த மணியடிப்பு மனதில் நின்றது. என் வீட்டுக்காரர், "சினிமாவுக்குப் போவோமா" என்றபோது முதலில் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். இதை அவள் பத்து மாதமாகச் செய்கிறாள் என்று நினைத்துப் பார்த்தேன். ஆனால் இன்னொன்றும் இருந்தது. என் கைக்குள் அது இளகி, லட்டு கண்ணை மூடிப் பெருமூச்சு விடும்போது, இந்த வீட்டில் வேறு எவருக்கும் நான் இவ்வளவு தேவையாக இல்லை என்று தோன்றும். அந்த நினைப்பு வந்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அக்கா திரும்பி வந்தாள். நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் லட்டுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். காதுக்குள் பார்த்தாள். கடைசியில் தொடையிடுக்கில் ஒரு சிவப்பைக் கண்டுபிடித்தாள்.

"இங்கன சரியாத் தொடைக்காம விட்டுட்டீங்க டீச்சரு" என்றாள்.

ஏட்டி போய் டீச்சர் வந்துவிட்டது. ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மூன்று நாளும் லட்டு நன்றாகத் தின்று நன்றாகத் தூங்கியிருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாத விஷயம் என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

அதற்கு அடுத்த மாதம் சிறுநீரில் ரத்தம் வந்தது. லட்டு சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாயில் ஒரு மாதிரி நாற்றம். டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டு கிட்னியும் போயிட்டும்மா" என்றார். "நீங்க இவ்வளவு நாள் இழுத்ததே பெருசு. இனி வலிதான். நீங்க சரின்னு சொன்னா ஊசி போட்டுரலாம். தூங்கிரும்."

அக்கா அவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பிடின்னு சொல்லிக் குடுங்க. நான் போடுதேன்" என்றாள்.

டாக்டர் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"வேற கை வேண்டாம் சார். பயந்துரும். நான் போடுதேன்."

"அந்த மருந்த உங்க கையில குடுக்க எனக்கு அனுமதி கிடையாதும்மா. நாந்தான் போடணும்."

"அப்போ வேண்டாம்" என்றாள்.

அவர் கேட் வரை போய், என்னிடம் நம்பரைத் தந்துவிட்டுக் கிளம்பினார். இரண்டு நாள். நான் சோறு வடிக்கும்போதும், நோட்டுத் திருத்தும்போதும், கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. குரைப்பு இல்லை, ஊளையும் இல்லை. கதவுக்கீல் தேய்கிற மாதிரி ஒரு சத்தம். காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கீழே போய் அவளைத் திட்ட வேண்டும் என்று இருந்தது. போகவில்லை. அவள் வீடு, அவள் நாய்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு அவளே கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு உள்ளூர் விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். இறங்கிப் போனேன். பின்கட்டில் லட்டுவுக்கு முன்னால், இரண்டு கையையும் முன்னே நீட்டியபடி, தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தொட்டாக் கத்துது" என்றாள். "காலையில இருந்து அமுக்கல. நான் தொட்டாக் கத்துது."

அவள் கையைக் கிட்டே கொண்டுபோனாள். அதற்கே லட்டு பல்லைக் காட்டியது. அவளை ஒருநாளும் கடிக்க நினைக்காத நாய்.

"நீ பாரு. உனக்கு அடங்கும்லா. நீ அமுக்கு."

நான் கை வைத்தேன். எனக்கும் கத்தியது. உடனே எடுத்துவிட்டேன். அக்கா என் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். அவள் முகத்தில் எப்போதும் இருக்கும் அந்த இறுக்கம் கழன்று, வேறு யாரோ போல இருந்தாள்.

"டாக்டரக் கூப்பிடு" என்றாள்.

அரைமணியில் வந்துவிட்டார். லட்டுவின் முன்பாதி அக்காவின் மடியில். முதலில் ஒரு மயக்க ஊசி. அது அடங்கியபின், முன்னங்காலில் முடியைச் சிரைத்து நரம்பைத் தேடினார். அக்கா அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை, "அங்கன இல்ல, கொஞ்சம் மேல" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். மருந்து இறங்கியது. லட்டுவின் தலை அவள் முழங்காலில் கனமாகச் சாய்ந்தது.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், லட்டுவின் அடியிலிருந்து ஈரம் கிளம்பி அக்காவின் சேலையில் பரவியது. அக்கா குனிந்து பார்த்தாள். அவள் இரண்டு கையும் லட்டுவின் தலையில்தான் இருந்தன.

"ஏட்டி, இங்க பாரு" என்றாள். அவள் குரலில் அப்படியொரு சந்தோஷம். "தானாப் போகுது. நான் அமுக்கவே இல்ல. தானாப் போகுது பாரு."

டாக்டர் காதிலிருந்து கருவியைக் கழற்றி, முடிந்துவிட்டதென்று தலையசைத்தார். ஈரம் நிற்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நின்றபிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

வீட்டுக்குப் பின்னால் கரிசல் வெடித்துக் கிடந்த காலி மனையில் குழி தோண்ட ஆள் வந்தார். மண்வெட்டியை அவரிடமே விட்டுவிட்டு அக்கா ஓரமாக நின்றாள். மூன்றாம் நாள் சாத்தூருக்குப் பேரனைப் பார்க்கப் போனாள். வீட்டைக் கழுவி, பினாயில் போட்டு, மகளையும் பிள்ளையையும் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவள் வரவில்லை. இருபது நாள் கழித்து மகள் எனக்குப் போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அக்கா, நீங்க ஒருக்க வந்து அம்மாவக் கூட்டிட்டுப் போங்களேன். பால் குடுக்க மட்டுந்தான் பிள்ள என் கைக்கு வருது. முடிஞ்சதும் வாங்கிக்கிடுதா. குளிப்பாட்ட, தூங்கவைக்க, துணி மாத்த, ஒண்ணுக்கும் விட மாட்டேங்கா. எங்கத்த ஒரு பக்கம் கத்துதாவ. எனக்கு என் பிள்ளையத் தொடப் பயமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் போனேன். அக்கா முன்னறையில் பிள்ளையைத் தோளில் போட்டபடி நடந்துகொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. மகள் கதவோரம் நின்றாள்.

"பிள்ளையக் குடுங்கக்கா, கொஞ்ச நேரம் வச்சிருக்கேன்" என்றேன்.

"கையக் கழுவிட்டு வா" என்றாள்.

கழுவிவிட்டு வந்து நீட்டினேன். அவள் பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கி என் கைகளில் வைத்தாள். கழுத்துக்கு அடியில் இருந்த அவள் கை மட்டும் விலகவில்லை. நான் காத்திருந்தேன். "எடுக்குதேன், இந்தா எடுக்குதேன்" என்றாள். என் கைமேல் அவள் கையும், அவள் கைமேல் பிள்ளையுமாக, அந்த அறை நடுவில் நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் நின்றுகொண்டிருந்தோம்.